உடல் ஆறினால் மட்டும் போதுமா?



தோட்டமானாலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய வீடமைப்புப் பகுதியானாலும் சரி, மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் திடலில் பந்து உதைக்கத்தான் செய்கிறார்கள். பந்து உருளும் இடத்தில் கால் பிசகுவதும் மூட்டு விலகுவதும் கை முறிவதும் உண்டு. அடிபட்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு போகிறோம். மாவுக்கட்டுப் போடுகிறார்கள். சில வாரங்களில் கட்டைப் பிரிக்கிறார்கள். "எல்லாம் சரியாகிவிட்டது, எழுந்து ஓடு" என்கிறோம்.

ஆனால் கட்டுப் பிரித்த பின்பும் சில பிள்ளைகள் திடல் பக்கம் போவதில்லை. போனாலும் பந்து வரும்போது ஒதுங்கிக்கொள்கிறார்கள். சிலர் வகுப்பிலும் பேச்சுக் குறைந்து, பின் வரிசைக்குப் போய்விடுகிறார்கள். எலும்பு கூடிவிட்டது. கூடாமல் நிற்பது எது? விளையாட்டு வரலாற்றில் இதற்கு விடை தேடிப் பார்ப்போம்.

நியூசிலாந்து நாட்டில் ரக்பி என்றால் உயிர். பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவனை எதிர்க்கட்சியார் பாய்ந்து மடக்கும் முரட்டு ஆட்டம் அது. 1950ஆம் ஆண்டில் மரி ஹால்பர்க் என்ற 17 வயது இளைஞர் அந்த ஆட்டத்தில் பலமாக அடிபட்டார். தோள் சிதைந்து, நரம்புகளும் இரத்தக் குழாய்களும் கெட்டன. உயிர் பிழைத்தார், ஆனால் இடது கை சூம்பிப் போயிற்று. உடுத்துவது, உண்பது போன்ற அன்றாடக் காரியங்களைக்கூட அவர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ரக்பி அத்தோடு முடிந்தது.

அந்த வயதில் ஒரு பையனுக்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. "நான் யார்?" என்ற கேள்விக்கு அவன் வைத்திருக்கும் விடை அது. அந்த விடை ஒரே நாளில் பறிபோனால் மனம் தடுமாறாமல் இருக்குமா? ஹால்பர்க் இழந்த கையையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மீந்திருந்த கால்களை நம்பி ஓட்டப் பந்தயத்திற்குத் திரும்பினார்.

ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் என்பவர் அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தார். லிடியார்ட் பெரிய படிப்பாளி அல்லர்; காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வாரத்திற்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மலைப்பாதைகளில் ஓடவேண்டும் என்பது அவருடைய முறை. முதலில் தாமே ஓடிப் பார்த்துத்தான் பிறருக்குச் சொன்னார். வேகம் பிறகு வரட்டும், முதலில் உடலில் உரம் ஏறட்டும் என்பது அவர் கொள்கை. ஆண்டுக் கணக்கில் பொறுத்திருக்க மனமுள்ளவர்களுக்கே அந்தப் பாதை ஒத்துவரும்.

ஹால்பர்க் பொறுத்திருந்தார். 1954இல் வான்கூவர் காமன்வெல்த் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்தில் 5ஆம் இடம். 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் 11ஆம் இடம். இத்தனைக்குப் பிறகும் பின்னால்தானே நிற்கிறோம் என்று பலர் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. 1958இல் கார்டிஃப் நகரில் மூன்று மைல் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். 1960 செப்டம்பர் 2ஆம் நாள் ரோம் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓட்டம். இன்னும் மூன்று சுற்றுகள் இருக்கும்போதே ஹால்பர்க் திடீரென்று வேகமெடுத்தார். மற்றவர்கள் திகைத்து நிற்க, வெகுதூரம் முன்னே போய்விட்டார். கடைசிச் சுற்றில் கால் தளர்ந்தது; பின்னால் வந்தவர்கள் நெருங்கினார்கள். இருந்தும் 13 நிமிடம் 43.4 விநாடியில் எல்லையைத் தொட்டு, கோட்டில் கட்டியிருந்த நாடாவைக் கையில் பற்றியபடி புல்தரையில் சாய்ந்தார். அடிபட்ட நாளிலிருந்து அந்த நாள்வரை பத்து ஆண்டுகள்!

நேயர்களே, இந்தப் பத்து ஆண்டுகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தேறுவது என்பது ஒரு நாள் வீரமன்று. நாள்தோறும் செய்யும் வேலை. அவர் தனியாகவும் இல்லை. வழிகாட்ட லிடியார்ட் இருந்தார். அவரிடமே பயின்ற மற்ற இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்னெல், ரோமில் அதே நாளில் 800 மீட்டரில் தங்கம் வென்றவர்.

அக்காலத்தில் மருத்துவம் எலும்பையும் தசையையும் பார்த்த அளவுக்கு அடிபட்டவரின் மனத்தைப் பார்க்கவில்லை. 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர், மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி ஒரு நூல் எழுதினார். 'எனக்கா இப்படி' என்று நம்ப மறுப்பது, கோபம், பேரம் பேசுவது, சோர்வு, கடைசியில் ஏற்றுக்கொள்வது என்று ஐந்து நிலைகளை அவர் சொன்னார். விளையாட்டைப் பறிகொடுத்தவர்களிடமும் இத்தகைய துயரம் இருப்பதைப் பின்னர் உளவியலார் கண்டார்கள். எல்லாரும் ஐந்து படிகளையும் வரிசையாகக் கடப்பதில்லை என்பதும் பிறகு தெரிய வந்தது. ஒருவன் கோபப்படுவான், ஒருவன் பேசாமல் இருப்பான், ஒருவன் சிரித்து மறைப்பான்.

இன்னொன்றையும் கண்டார்கள். மீண்டும் அடிபடுமோ என்ற அச்சம், காயம் ஆறிய பின்பும் தங்கிவிடுகிறது. அஞ்சுகிறவனின் தசை இறுகும். கவனம் பந்தை விட்டுக் காலுக்குப் போகும். அதனாலேயே மறுபடியும் அடிபட இடமுண்டு. எனவே "பயப்படாதே" என்று அதட்டுவதால் பயன் இல்லை. இன்று நடை, அடுத்த வாரம் மெதுவான ஓட்டம், பிறகு தனியாகப் பந்து, அதன் பிறகே ஆட்டம் என்று மருத்துவர் சொல்லும் அளவில் சிறுசிறு படிகளாக ஏற்றினால், ஒவ்வொரு படியிலும் நம்பிக்கை சிறிது திரும்பும்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. திரங்கானு மாநிலத்து டுங்குனில் பிறந்த மிதிவண்டி வீரர் அஸிசுல்ஹஸ்னி அவாங், 2011 பிப்ரவரியில் மான்செஸ்டர் நகரில் கெய்ரின் என்னும் பந்தயத்தில் விழுந்தார். ஓடுதளத்தின் பலகையிலிருந்து பெயர்ந்த, சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மரச்சிம்பு அவர் கெண்டைக்காலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. அந்த நிலையிலும் எழுந்து எல்லையைக் கடந்து மூன்றாம் இடம் பெற்றார். உலகம் வியந்தது அதைத்தான். நாம் வியக்க வேண்டியதோ அதற்குப் பிந்திய ஆண்டுகளை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதே பலகைத் தளத்திற்கு, அதே நெரிசலுக்கு அவர் திரும்பினார். 2012 லண்டனில் பதக்கம் கிட்டவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். 2017இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளர் பட்டம். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி.

பால் மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இது புதிய பாடம் அன்று. கத்தி ஆழப் போய் மரத்தில் காயம் பட்டால், பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். வெட்டிய பட்டை புதிதாகித் தடிக்க ஆண்டுகள் ஆகும். அதற்குள் கத்தி வைத்தால் மரம் கெடும். மரத்துக்குக் காட்டிய பொறுமையை நம் பிள்ளைக்கும் காட்டலாமே!

அடிபட்டுக் கிடக்கிற பிள்ளையிடம் "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்காதீர்கள். "அடுத்த வாரம் ஆட்டம், எழுந்திரு" என்று விரட்டவும் வேண்டா. ஆட்டம் நடக்கும்போது அவனையும் திடலோரம் உட்கார வைத்து, கோல் எண்ணச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். தோழர்கள் வீட்டுக்கு வந்து போகட்டும். மீண்டும் ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அந்த உண்மையை மறைக்காமல், அவனால் இயலும் வேறொன்றை அவனோடு சேர்ந்து தேடுங்கள்.

ஹால்பர்க் 1963இல் உடற்குறையுள்ள சிறுவர்களுக்காக ஓர் அறநிலையம் தொடங்கினார். 2022இல் தம் 89ஆம் வயதில் மறையும்வரை அவர் பெயரோடு அப்பணியும் சேர்ந்தே பேசப்பட்டது. இன்றும் அது தொடர்கிறது. அவருடைய இடது கை கடைசிவரை குணமாகவில்லை. குணமானது அவர் வாழ்வு.

நம் பிள்ளைகளின் கட்டைப் பிரிக்கிற நாளில், நாம் அவர்கள் காலை மட்டும் பார்க்க வேண்டா, முகத்தையும் பார்ப்போம்.