புகைக்குழாய் ஓசையும் நீதியும்: கலிபோர்னியாவின் சட்ட வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில வாகனச் சட்டத்தின் 27150-ஆம் பிரிவு, எஞ்சினின் வெடிப்போசையை அடக்கும் கருவியாகிய சைலன்சர் எப்போதும் செயல்படும் நிலையில் இருக்க வேண்டும் என்றும், 27151-ஆம் பிரிவு, ஓசையைப் பெருக்கும் வகையில் புகைக்குழாயை மாற்றியமைக்கக் கூடாது என்றும் விதிக்கின்றன. எனினும், எவ்வளவு ஓசை மிகையானது என்பது காவலரின் செவியைச் சார்ந்திருந்த நிலையில், அபராதச் சீட்டை எதிர்த்து வழக்காடுவோருக்கு உறுதியான சான்று கிடைப்பது அரிதாகவே இருந்தது. இக்குறையைப் போக்கும் பொருட்டு, 6,000 பவுண்டுக்குக் குறைந்த மொத்த எடை வரம்புடைய கார்களுக்கு 95 டெசிபல், அதாவது ஓசையை அளக்கும் அலகில் 95, உச்சவரம்பாக வகுக்கப்பட்டதோடு, நடுவர் நிலையம் எனப்படும் சோதனை மையத்தில் காரின் ஓசையை அளந்து, இணக்கச் சான்றிதழ் பெற்று, அதனை நீதிமன்றத்தில் அளிக்கும் வழியும் திறக்கப்பட்டது. பின்னர், குறையைச் சீர்செய்து காட்டினால் அபராதத்திலிருந்து விடுபடலாம் என்றிருந்த சலுகை, 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் உடனடி அபராதம் நடைமுறைக்கு வந்தமையால், அச்சான்றிதழின் மதிப்பு மேலும் உயர்ந்தது. அமைதியாக வாழும் உரிமை தெருவில் குடியிருப்போர் அனைவருக்கும் உண்டு. ஆயினும் தண்டனைக்கு அடிப்படையாக இருக்க வேண்டியது செவியின் மதிப்பீடன்று, கருவியின் அளவீடே ஆகும்.