செயலிக்கேற்ற கம்பைலர் தெரிவுகள்

செயலிக்கேற்ற கம்பைலர் தெரிவுகள் என்பவை, மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது எந்தச் செயலியை இலக்காகக் கொள்ள வேண்டும், எந்த அளவுக்கு உகப்பாக்கம் செய்ய வேண்டும் என்பவற்றைக் கம்பைலருக்கு அறிவிக்கும் கட்டளைச் சொற்கள் ஆகும். இவை கொடிகள் எனவும் அழைக்கப்படுகின்றன. பொருத்தமான தெரிவு நிரலின் வேகத்தைக் கூட்டும். பொருந்தாத தெரிவு, நிரலை வேறொரு கணினியில் இயங்க விடாமல் செய்யும். சில வேளைகளில் கணக்கீட்டின் விடையையே மாற்றிவிடும். இக்கட்டுரை, ரிச்சர்டு ஸ்டால்மன் 1987 ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரையும், எக்ஸ்86 குடும்பச் செயலிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

ஒரு செயலிக்குப் புரியும் ஆணைகளின் முழுத் தொகுப்பு ஆணைத்தொகுதி எனப்படும். எக்ஸ்86 குடும்பத்தில் புதிய செயலிகள் பழைய ஆணைகளைப் பெரும்பாலும் ஏற்கும். ஆனால் பழைய செயலிகளுக்குப் புதிய ஆணைகள் தெரியா. இக்குடும்பத்தில் பின்வரும் ஆணைகள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன:

* எம்எம்எக்ஸ் – 1997, பென்டியம் எம்எம்எக்ஸ்
* எஸ்எஸ்இ – 1999, பென்டியம் 3
* எஸ்எஸ்இ2 – 2000, பென்டியம் 4
* ஏவிஎக்ஸ் – 2011, சாண்டி பிரிட்ஜ்
* ஏவிஎக்ஸ்2 – 2013, ஹாஸ்வெல்

இவற்றுட் பல, ஒரே ஆணையில் பல எண்களைக் கையாள உதவுவன. எடுத்துக்காட்டாக, ஓர் ஏவிஎக்ஸ் ஆணை எட்டு 32-பிட் மிதவைப்புள்ளி எண்களை ஒருசேரக் கூட்டவல்லது. கம்பைலருக்கு அனுமதி அளிக்கப்படாதவரை அது இத்தகைய புதிய ஆணைகளைப் பயன்படுத்தாது. 64-பிட் எக்ஸ்86 இலக்குக்கு எஸ்எஸ்இ2 வரையிலான ஆணைகளே இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இரு முதன்மைத் தெரிவுகள்

எம்ஆர்ச்: எந்தச் செயலியின் ஆணைகளைப் பயன்படுத்தலாம் என்பதை இது வரையறுக்கிறது. இதனைக் கொண்டு உருவாக்கிய நிரல், அவ்வாணைகள் இல்லாத செயலியில் இயங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

எம்டியூன்: இது ஆணைத்தொகுதியை மாற்றாது, ஆணைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அவற்றின் வரிசையையும் மட்டும் குறிப்பிட்ட செயலிக்கு ஏற்ப அமைக்கிறது. பென்டியம் 4 செயலியில் ஓர் எண்ணுடன் ஒன்றைக் கூட்டுவதற்கென உள்ள தனி ஆணையைவிடப் பொதுவான கூட்டல் ஆணையே ஏற்றது. இதனை அறிந்து கம்பைலர் தேர்வு செய்யும். இவ்வாறு உருவான நிரல் பிற செயலிகளிலும் இயங்கும். வேகம் மட்டும் சற்று வேறுபடலாம்.

எம்ஆர்ச் தெரிவுக்கு 'நேட்டிவ்' என்னும் மதிப்பு 2007 ஆம் ஆண்டில் வெளியான ஜிசிசி 4.2 பதிப்பில் அறிமுகமானது. இதன்படி, கம்பைலர் தான் இயங்கும் கணினியின் செயலியைத் தானே கண்டறிந்து கொள்கிறது. மூலநிரலிலிருந்து மென்பொருள்களைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் ஜென்டூ லினக்சுப் பயனர்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

உகப்பாக்க நிலைகள்

ஓ0 நிலையில் உகப்பாக்கம் ஏறத்தாழ இல்லை; பிழை தேட இது உகந்தது. ஓ2 பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றது. ஓ3 மேலும் முனைந்து உகப்பாக்கம் செய்கிறது. ஆயினும் நிரலின் அளவு பெருகிப் பதுக்கு நினைவகத்தில் அடங்காமற் போனால் வேகம் குறையவும் கூடும். ஓஎஸ் நிலை நிரலின் அளவைச் சுருக்க முயல்கிறது.

பொருந்தாமை

செயலி அறியாத ஆணை ஒன்று வரும்போது லினக்சில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்சன்' என்னும் பிழையுடன் நிரல் நின்றுவிடும். அவ்வாணை நிரலின் எந்தப் பகுதியில் உள்ளதோ அப்பகுதி இயங்கும்போதே பிழை வெளிப்படும். எனவே தொடக்கத்தில் நன்றாக இயங்கிய நிரல் பின்னர் திடீரென நிற்கலாம். ஆய்வகத்தில் புதிய கணினி ஒன்றில் 'நேட்டிவ்' மதிப்புடன் உருவாக்கிய நிரலைப் பழைய கணினிகளுக்கு நகலெடுக்கும்போது இந்நிலை ஏற்படும்.

செயலியின் தலைமுறையை மட்டும் கொண்டு முடிவு செய்வதும் தவறாகலாம். தொடக்ககால வியா சி3 செயலிகள் தம்மை ஆறாம் தலைமுறையாக அறிவித்தன. ஆனால் அத்தலைமுறைக்கென உருவான நிரல்களில் இடம்பெற்ற, நிபந்தனையுடன் மதிப்பை நகர்த்தும் ஆணை அவற்றில் இல்லை. அதுபோலவே, ஹாஸ்வெலுக்குப் பின் வந்த பென்டியம், செலரான் செயலிகள் பலவற்றில் ஏவிஎக்ஸ்2 இல்லை.

லினக்சு வழங்கல்களின் முடிவு

ஒரே நிரலைப் பலருக்கும் அளிக்கும் வழங்கல்கள் ஒரு கீழ் எல்லையை வரையறுக்க வேண்டியுள்ளது. எல்லையை உயர்த்தினால் புதிய கணினிகள் பயன்பெறும். பழைய கணினி வைத்திருப்போர் கைவிடப்படுவர். 2017 ஆம் ஆண்டில் வெளியான டெபியன் 9, தன் 32-பிட் பதிப்பில் ஐந்தாம் தலைமுறைச் செயலிகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. 2020 ஆம் ஆண்டில் 64-பிட் செயலிகளுக்கு வி2, வி3, வி4 ஆகிய படிநிலைகள் வரையறுக்கப்பட்டன. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்சு 9 (2022) வி2 படிநிலையையும், பதிப்பு 10 (2025) வி3 படிநிலையையும் கட்டாயமாக்கின.

இதற்கு மாற்று வழியும் உண்டு. ஒரே செயற்கூற்றின் பல வடிவங்களை நிரலுக்குள் வைத்து, இயங்கும் வேளையில் செயலிக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். குனூ சி நூலகம் நினைவகப் பகுதிகளை நகலெடுக்கும் செயற்கூறுகளில் இம்முறையைக் கையாள்கிறது.

விடையை மாற்றும் தெரிவுகள்

'ஃபாஸ்ட் மேத்' என்னும் தெரிவு, மிதவைப்புள்ளிக் கணக்கீட்டின் வரிசையை மாற்றக் கம்பைலருக்கு உரிமை அளிக்கிறது. 64-பிட் மிதவைப்புள்ளி எண்களில், 1 உடன் 10 இன் 17 ஆம் அடுக்கைக் கூட்டிப் பின் அதே எண்ணைக் கழித்தால் 0 கிடைக்கும். கழித்தலை முதலில் செய்தால் 1 கிடைக்கும். மேலும் இத்தெரிவு எண்ணல்லாத மதிப்புகள் வாரா எனக் கொள்வதால், அவற்றைச் சோதிக்கும் வரிகள் நீக்கப்படலாம். எனவே துல்லியம் தேவைப்படும் அறிவியல், நிதிக் கணக்கீடுகளில் ஆராயாமல் இதனைப் பயன்படுத்தலாகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

# லினக்சில் 'புரோக்' அடைவிலுள்ள 'சிபியுஇன்ஃபோ' கோப்பைப் பார்த்துச் செயலி ஏற்கும் ஆணைகளை அறிதல்.
# நிரல் இக்கணினியில் மட்டும் இயங்குமெனில் ஓ2 நிலையுடன் 'நேட்டிவ்' மதிப்பைப் பயன்படுத்தல்.
# பிறருக்கும் அளிப்பதெனில் அவர்களுடைய கணினிகளில் மிகக் குறைந்த திறனுடையதை எல்லையாகக் கொள்ளல்.
# ஒவ்வொரு தெரிவையும் தனித்தனியே சேர்த்து, வேகத்தை அளந்து, விடைகளை ஒப்பிடல். பயன் தராத தெரிவை நீக்கல்.

இவற்றையும் பார்க்கவும்

* கம்பைலர்
* ஆணைத்தொகுதி
* மிதவைப்புள்ளி எண்
* ஜென்டூ லினக்சு