கெடா தோட்டக் குடும்பங்கள்: செலவுக் கணக்கும் சேமிப்பும்

1. ஆய்வுப் பொருள்

வீட்டுச் செலவை எழுதி வைத்தால் பணம் மிஞ்சும் என்பது எல்லாரும் அறிந்த அறிவுரை. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் அது எப்போது பலித்தது, எப்போது பலிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கூலிம், லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தமிழர் வாழ்க்கை தரும் விடை இது: கணக்கு எவர் கையில் இருந்ததோ, பணம் போகும் வழியை அவரே தீர்மானித்தார்.

2. பிறர் கையில் இருந்த கணக்கு

தோட்டத்தில் கணக்குக்குப் பஞ்சமில்லை. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கு) வந்தவர் பெயரைக் கிராணி (எழுத்தர்) செக்ரோலில் (வருகைப் பதிவேடு) பதிந்தார். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் தம் புத்தகத்தில் எழுதினார். 1920களில் காலனி அரசுகூடத் தொழிலாளியின் மாதச் செலவைப் பொருள்வாரியாகக் கணக்கிட்டே ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு அடிப்படைக் கூலியை வகுத்தது. கணக்கில்லாமல் இருந்தது, பால் வெட்டியவரின் வீடு ஒன்றுதான். சம்பள நாளில் கடைப் பாக்கி போக மீந்ததே கைக்கு வந்தது. அந்த மீதிக்கும் கள்ளுக்கடை திறந்திருந்தது.

இந்த நிலையைக் கல்வியற்றவர்களின் ஊதாரித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று சரிபார்க்கத் தம்மிடம் ஒரு தாள்கூட இல்லாத குடும்பம், கடைக்காரர் சொன்ன தொகையைத்தான் கட்டியாக வேண்டும்.

3. முதலில் வெட்டப்பட்ட செலவினம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை, வீட்டுப் பணம் எங்கே கரைகிறது என்பதைத் துல்லியமாகக் கண்டது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடை மறியல் அதன் முதன்மைப் போராட்டம். 1947 பிப்ரவரி இறுதியில் ஒரு கள்ளுக்கடை முன் நடந்த மறியல் போலீசாருடன் மோதலாக முடிந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் உரிமைக்குத் தோட்டத் தொழிலாளர் கொடுத்த விலை அது.

4. மிச்சம் நிலமான கதை

செலவைக் குறைத்தால் மட்டும் சேமிப்பு ஆகிவிடாது. மீந்த வெள்ளி போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இல்லையென்றால் அடுத்த திருவிழாவோ அடுத்த காய்ச்சலோ அதைக் கொண்டுபோய்விடும். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி அத்தகைய இடம்; ஆனால் அது முதுமைக்கானது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. இந்தத் துண்டாடலுக்கு மறுமொழியாக வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பத்து வெள்ளி கேட்டார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது பல நாள் உழைப்பு. அதை ஒதுக்க, எதை வாங்குவது எதை விடுவது என்று ஒவ்வொரு வீடும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாக வேண்டும். சங்கம் 1961இல் வாங்கிய முதல் தோட்டம், தொண்டர் படை எழுந்த அதே கெடாவின் புக்கிட் சீடிம். மலாயாத் தமிழர் சேமிப்பு வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியவில்லை.

5. இன்றைய வீடு

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கூலிம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கிறார்கள். கடைக்காரரின் புத்தகம் போய், மோட்டார் சைக்கிள் தவணையும் கைப்பேசிக் கட்டணமும் ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) வட்டியும் வந்துவிட்டன. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஊழியர் பங்காக 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், சேமநிதிக்குப் போகிறது. மீதியை வீடுதான் காக்க வேண்டும். பெண்கள் நம்பிக்கையின் பேரில் நடத்தும் ‘கூட்டு’ என்னும் சுழற்சிச் சீட்டு சேமிக்கும் பழக்கத்தைத் தந்தாலும், 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. பணத்தோடு ஒருவர் மறைந்தால் மீட்பது கடினம்.

ஆகவே சம்பளம் வந்த அன்றே சேமிப்பை ஒதுக்கி, பிறகு தவணை, சந்தை, பள்ளி, கோயில் என எழுதுங்கள். கணவன் மனைவி இருவரும் பார்க்கும்படி எழுதுங்கள். கடன் ஏற்கெனவே மீறிவிட்டால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடுங்கள். அங்கே கடன் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.