செட்பேக் விதிக்குப் பின்னால் ஒரு பிளேக்

1/ அரை கிரவுண்டில் வீடு கட்டப் பிளான் போடுபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது: "கடன் வாங்கி நான் வாங்கின மனை. நாலு பக்கமும் எதுக்கு இடம் விடணும்?"

நியாயமான எரிச்சல்தான். 30க்கு 40 மனை, 1200 சதுர அடி. ஒரு பேச்சுக்கு, முன்னால 5 அடி, மற்ற மூணு பக்கமும் 3 அடி விடறதா வெச்சுக்குங்க. கட்டடத்துக்கு மிஞ்சுவது 24க்கு 32, அதாவது 768 சதுர அடி. 432 சதுர அடி "போச்சு".

அந்த 432 எங்கே போச்சுன்னு சொல்றேன். இதில் ஒரு மருத்துவ வரலாறு இருக்கு.

2/ 1896 செப்டம்பர், பம்பாய். மாண்ட்வி பகுதியில் காய்ச்சலும் நெறிகட்டியுமாக ஆட்கள் சாகிறார்கள். இது பிளேக் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டே ஓடினார்கள்.

3/ கெட்ட காற்றும் இருட்டும்தான் நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கை அப்போது ரொம்ப வலுவாக இருந்தது. அதனால் அரசு என்ன பண்ணுச்சு தெரியுமா? வெயில் உள்ளே விழட்டும்னு கூரை ஓட்டைப் பிரிச்சாங்க. மோசமான வீடுகளின் சுவரில் "மனிதர் வாழத் தகுதியற்றது" என்பதன் ஆங்கிலச் சுருக்கமான மூன்று எழுத்தை எழுதி வெச்சாங்க.

4/ 1898ல் சட்டம் போட்டு பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவானது. நெரிசலான பகுதிகளை இடிப்பது, புதுசா விசாலமான பகுதிகளை அமைப்பது அதன் வேலை. தாதர், மாட்டுங்கா எல்லாம் அப்படி வந்தவைதான். பின்னாளில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நிறைய போய்க் குடியேறின அதே மாட்டுங்கா.

5/ டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் ஒரு விதிக்காக விடாமல் வாதாடினார். பெயர் 63½ டிகிரி விதி. உங்க வீட்டுச் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 63½ டிகிரி சாய்வில் ஒரு கோடு மேலே போகுதுன்னு நினைச்சுக்குங்க. எதிர்க் கட்டடம் அந்தக் கோட்டை மறைக்கக் கூடாது.

எளிய கணக்கு: உயரத்தில் பாதி தூரம் இடைவெளி. 20 அடி உயரக் கட்டடம் எதிரே இருந்தா, நடுவில் 10 அடி.

6/ இப்போ வேடிக்கையைப் பாருங்க. அதே 1898ல், கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கைப் பரப்புவது எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அதில் பெரிய பங்கு இல்லை!

அப்போ விதியே தப்பா? பிளேக்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் தப்பு. காசநோயைப் பொறுத்தவரை சரி. காசநோய்க் கிருமி காற்றில்தான் பரவுது. காற்றோட்டம் அதை விரட்டும், வெயில் அதைக் கொல்லும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர்.

7/ "அதான் மாத்திரை வந்துடுச்சே டாக்டர்?" வந்துடுச்சு. அதை உலகத்துக்கே நிரூபிச்சது நம்ம சென்னை. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், நெரிசலான வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளும், சானடோரியத்தில் சேர்ந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை.

8/ அந்தக் கடைசி விஷயம் முக்கியம். குடும்பத்துக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தாத்தா "சாதாரண இருமல்தான்" என்று சொல்லிக்கொண்டு பேத்தியோடு ஒரே ரூமில் படுத்திருந்த அந்த மாதங்களில். மாத்திரை வேலை செய்வது நோயைக் கண்டுபிடித்த பிறகு. அதுக்கு முன்னாடி வேலை செய்யறது ஜன்னல் மட்டும்தான்.

9/ 2007ல் வெளியான ஆய்வுக்காக, பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து பார்த்தார்கள். ஜன்னல் கதவைத் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 தடவை காற்று மாறியது. மெஷின் வைத்த தனிமை அறைகளில் 12. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்கள்தான் முதலிடம்.

10/ வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லணும். டிரஸ்ட் இடித்த வேகத்துக்கு வீடு கட்டித் தரலை. விரட்டப்பட்ட ஏழைகள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். நெரிசலைத் தடுக்கிற விதி, வாடகைக்கு வீடு கிடைக்காதவனுக்கு நெரிசலையே தந்தது. இன்றைக்கு எஃப்எஸ்ஐ பற்றி நடக்கும் சண்டையும் இதேதான். தமிழ்நாட்டின் 2019 விதிகளில் சாதாரண உயரக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2. அதாவது 1200 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 2400 வரை. அதைக் கூட்டலாமா என்று தாராளமாக விவாதிக்கலாம். மாடி ஏறுவதால் யாருக்கும் நோய் வராது. இடைவெளியை மூடினால் வரும்.

11/ அதனால் பிளான் போடும்போது:

• ஒவ்வொரு படுக்கையறைக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னலை முதலில் குறிச்சுட்டு, அப்புறம் சுவரை வரையுங்க. தேசிய கட்டட விதித்தொகுப்பு, புழுக்கமான ஊர்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் சொல்லுது. 10க்கு 12 ரூம்னா 20 சதுர அடி, 5க்கு 4 ஜன்னல்.

• இடம் பத்தலைன்னா ஒரு ரூமைக் குறைங்க, இல்லை மாடிக்குக் கொண்டு போங்க.

• பக்கவாட்டு இடத்தில் ஷீட் போட்டு சமையல் மேடை, ஸ்டோர் ரூம் வேண்டாம்.

12/ நீங்க 3 அடி, பக்கத்து வீட்டுக்காரர் 3 அடி, ரெண்டும் சேர்ந்தாதான் 6. ஓர் கேட்ட 10 அடியே இல்லை. அதில் ஒருத்தர் மூடினாலும் ரெண்டு வீட்டுக் குழந்தைகளும் இருட்டில்தான் தூங்கணும். அந்த 432 சதுர அடி எங்கேயும் போகலை. உங்க பங்குக் காற்று அவர் மனையில இருக்கு, அவர் பங்கு உங்க மனையில.

கட்டடம் கட்டறவங்க யாராவது தெரிஞ்சா அனுப்புங்க.