குஞ்சா, கொழுத்த மீனா? அமெரிக்கப் பண்ணைக்குட்டைகளில் சேனல் கெளுத்தியின் வரலாறு

சேனல் கெளுத்தி ஓடும் நீரின் மீன். மிசிசிப்பியும் அதில் கலக்கும் ஆறுகளும் அதன் பிறந்தகம். 1818-ல் ரஃபினெஸ்க் என்ற இயற்கை ஆய்வாளர் ஓஹையோ ஆற்று மீனைக் கொண்டு இதை முதலில் விவரித்தார்; இளம் மீனின் பக்கவாட்டில் தெரியும் கரும்புள்ளிகளை வைத்து ‘புள்ளியிட்டது’ என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். வயதாக ஆகப் புள்ளிகள் மங்கிவிடும். கிழட்டு மீனைப் பிடித்தவர்கள் அதை வேறு இனமென்று எண்ணியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஆற்று மீன் ஒரு நூற்றாண்டுக்குள் அமெரிக்க விவசாயியின் சொந்தக் குட்டைக்கு வந்து சேர்ந்தது. மீன்வளர்ப்பு நூல்கள் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஒரே மூச்சில் பேசும். சேனல் கெளுத்தியைப் பொறுத்தவரை அவை ஒரே குட்டைக்குள் சேர்ந்து வாழ்ந்ததில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆய்வாளர்கள் இம்மீனைக் குட்டையில் முட்டையிட வைக்கப் பாடுபட்டார்கள். பிற்பாதியில், அது முட்டையிடாமல் இருந்தாலே குட்டைக்காரருக்கு லாபம் என்று கண்டுகொண்டார்கள்.

இதை விளங்கிக்கொள்ள மீனின் குடும்ப வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இது பொந்தில் முட்டையிடும் இனம். கரை அரிப்பில் விழுந்த குடைவு, மூழ்கிய மரத்தின் உள்ளீடற்ற அடிப்பகுதி, கொறிக்கும் இன நீர்விலங்குகள் தோண்டிவிட்டுப் போன வளை ஆகிய இடங்களில் ஒன்றை ஆண் மீன் பிடித்துக்கொள்ளும். தண்ணீரின் வெப்பம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது சேர்க்கை நடக்கும். 27 டிகிரியை ஒட்டி மிக நன்றாக நடக்கும். பெண் மீன் தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 7,000 முதல் 8,000 முட்டைகளை மஞ்சள் நிறப் பசைத்திரளாக இடும். அதோடு அவள் வேலை முடிந்தது. ஆண் அவளைத் துரத்திவிடும். பிறகு ஒரு வாரம்போல ஆணே காவல். இடுப்புத் துடுப்பாலும் உடல் அசைவாலும் முட்டைத்திரளைச் சதா விசிறிக்கொண்டிருக்கும். விசிறல் நின்றால் உள்ளே இருக்கும் முட்டைகளுக்கு உயிர்வளி எட்டாமல் பூஞ்சை பிடிக்கும். அந்த நேரத்தில் யாராவது தொந்தரவு செய்தால் அதே தகப்பன் முட்டைகளைத் தின்றுவிடுவதும் உண்டு.

1871-ல் தொடங்கிய அமெரிக்க மீன் ஆணையத்துக்கு இந்தக் குடும்ப அமைப்பு பெரிய தலைவலியாயிற்று. டிரவுட், சால்மன் இன மீன்களில் பெண்ணின் வயிற்றை அழுத்தி முட்டையையும், ஆணின் வயிற்றை அழுத்தி விந்துநீரையும் பிழிந்து சட்டியில் கலந்துவிடலாம். கெளுத்தியிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. ஆண் கெளுத்தியின் விந்தகம் விரல் விரலாகப் பிரிந்து கிடக்கும்; எவ்வளவு அழுத்தினாலும் பயன்படும் அளவுக்கு விந்துநீர் வராது. மீனைக் கொன்று விந்தகத்தை அறுத்தெடுத்தால்தான் உண்டு. ஆகவே மீனிடமிருந்து பிழிவதை விட்டு, மீனே விரும்பி முட்டையிடும் இடத்தை அமைத்துக் கொடுக்கும் வழிக்கு ஆய்வாளர்கள் வர வேண்டியிருந்தது.

அந்த வழி திறந்த இடங்களில் ஒன்று ஒரு பொத்தான் தொழிலின் பக்கவாசல் என்பது வேடிக்கை. அயோவா மாநிலத்தில், மிசிசிப்பிக் கரையிலிருந்த ஃபேர்போர்ட் உயிரியல் நிலையம் உண்மையில் நன்னீர்ச் சிப்பிகளைப் பெருக்க ஏற்பட்டது. சிப்பி ஓட்டில் சட்டைப் பொத்தான் செய்யும் ஆலைகள் அக்கம்பக்கத்தில் நிறைய இருந்தன. அங்கு பணியாற்றிய ஆஸ்டின் ஷைரா, குட்டையில் சேனல் கெளுத்தியின் வளர்ப்பு, வளர்ச்சி, உணவு ஆகியவை பற்றிய குறிப்புகளை 1917-ல் வெளியிட்டார். பீப்பாய் போன்ற செயற்கைப் பொந்துகளைக் கொடுத்தால் இந்த மீன் குட்டையிலும் குடும்பம் நடத்தும் என்பது அக்காலத்துச் சோதனைகளில் தெளிவாயிற்று. ஆணிப் பீப்பாய், பிறகு பத்து காலன் பால் கேன், வடிகால் ஓடு, இரும்புப் பெட்டி என்று கைக்குக் கிடைத்த கலங்களெல்லாம் குட்டைக்குள் இறங்கின. வாய் குட்டையின் நடுப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது பண்ணைக்காரர்களின் பழக்கம்.

அடுத்த முன்னேற்றம் கன்சாஸில் நடந்தது. பிராட் நகரத்து மாநிலப் பொரிப்பகத்தில் 1920-களில் முட்டைத்திரளைத் தகப்பனிடமிருந்து பிரித்தெடுத்து, தொட்டியில் துடுப்புச் சக்கரம் சுழலவிட்டுப் பொரிக்க வைத்தார்கள். சக்கரத்தின் மெதுவான சுழற்சி ஆண் மீனின் விசிறலைச் செய்தது; முட்டை தின்னும் அபாயமும் ஒழிந்தது. இன்றைய பொரிப்பகங்கள் அதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன. என் கணிப்பில் இத்துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்தத் துடுப்புச் சக்கரம்தான். அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் இதன் விரிவாக்கம்.

இதற்கிடையே குட்டைகள் பெருகத் தொடங்கின. 1930-களின் வறட்சியும் மண் அரிப்பும் அமெரிக்க விவசாயத்தை உலுக்கின; 1935-ல் மண் பாதுகாப்புப் பணித்துறை பிறந்தது. கால்நடைக்குத் தண்ணீர், அரிப்புத் தடுப்பு என்ற பெயரில் தனியார் நிலங்களில் குட்டைகள் வெட்டப்பட்டன. வெட்டியவருக்கு அடுத்த கேள்வி: இதில் என்ன மீன் விடுவது? அலபாமாவின் ஆபர்னில், பூச்சி ஆய்வுக்காக வந்து மீனுக்கு மாறிய ஹோமர் ஸ்விங்கிள் அதற்கு விடை தேடினார். 1942-ல் ஈ. வி. ஸ்மித்துடன் சேர்ந்து எழுதிய பண்ணைக்குட்டை மேலாண்மை வெளியீடும், 1950-ல் சமநிலை பற்றி எழுதிய வெளியீடும் நாடெங்கும் பரவின. பெருவாய் பாஸ் மீன் வேட்டையாடும், புளூகில் மீன் இரையாகும். இரண்டும் தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு ஆண்டாண்டுக்கும் விளைச்சல் தரும். அந்தக் கணக்கில் சேனல் கெளுத்தி மூன்றாவது விருந்தாளிதான்.

விருந்தாளி குட்டையில் கொழுத்தது, ஆனால் பெருகவில்லை. ஏன்? 1957-ல் ரிச்சர்ட் மார்சோல்ஃப் மிசூரி மாநிலக் குட்டைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாக விடை தேடியது. பொந்து கிடைத்தால் முட்டையிடுவதில் சிக்கலில்லை. சிக்கல் குஞ்சு பொரிந்த பிறகு. தெளிந்த நீரில் பாஸும் புளூகில்லும் இருந்தால் குஞ்சுகள் தப்புவதில்லை. நீர் கலங்கியிருந்தால் தப்புகின்றன. கூட்டமாகத் திரியும் கெளுத்திக் குஞ்சு தெளிந்த நீரில் கண்ணுக்கு விருந்து, கலங்கலில் மறைந்துகொள்ளும். பாஸ் வேட்டைக்காகக் குட்டை நீரைத் தெளிவாக வைத்திருந்த விவசாயி, அதே வேலையால் கெளுத்தியின் அடுத்த தலைமுறையை அழித்துக்கொண்டிருந்தார்.

அதே காலத்தில் ஓக்லஹோமாவில் ஹோவர்ட் கிளெமன்ஸும் கெர்மிட் ஸ்னீடும் சேனல் கெளுத்தியின் இனச்சேர்க்கை நடத்தையைப் படிப்படியாகப் பதிவு செய்து 1957-ல் வெளியிட்டனர். பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிடத் தூண்டும் முறையிலும் அவர்கள் ஈடுபட்டனர். அதே 1957-ன் ஜூலையில்தான் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி இந்தியப் பெருங்கெண்டைகளைப் பிட்யூட்டரிச் சாறு கொண்டு முட்டையிட வைத்தார். அதன் நினைவாகவே ஜூலை 10 நம் நாட்டில் மீன் விவசாயிகள் நாள். இந்தியக் கெண்டை வளர்ப்புக்கு அந்த ஊசி உயிர்நாடியானது. கெளுத்திப் பண்ணைகளுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பால் கேனே போதுமானதாக இருந்தது.

வளர்ச்சியின் கதை வேறு திசையில் போனது. 1950-களின் பிற்பகுதியில் ஸ்விங்கிள் விரலளவுக் குஞ்சுகளைத் தீவனம் கொடுத்துச் சந்தை எடைக்குக் கொண்டுவரும் சோதனைகளை நடத்தினார். சேனல் கெளுத்தி வெதுவெதுப்பான நீரில்தான் நன்றாகத் தின்னும். 27 முதல் 29 டிகிரி வரை அதற்கு மிகவும் ஏற்ற வெப்பம், குளிர்காலத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நல்ல மிதவைத் தீவனம் கிடைத்தால் இரண்டாம் வளர்பருவம் முடிவதற்குள் அரைக் கிலோவைத் தாண்டும். ஆற்றில் இந்த எடைக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் போடும் தீவனம் மிஞ்சிவிட்டால் அழுகி, விடிகாலையில் நீரின் உயிர்வளி வற்றி, மொத்தக் குட்டையும் ஒரே இரவில் மிதந்துவிடும். வளர்ச்சியின் வேகத்துக்கு எல்லை போட்டது மீனின் வயிறு அல்ல, குட்டையின் மூச்சு.

இங்கேதான் பழைய ஆசை பகையாக மாறியது. பாஸ் இல்லாத, கெளுத்தி மட்டுமே உள்ள குட்டையில் யாரோ ஆர்வமாகப் பீப்பாய் இறக்கினால், ஒரே ஒரு சேர்க்கையில் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் உணவைப் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகளில் குட்டை நிறைய ஒரு சாண் மீன். எதையும் வறுக்க முடியாது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ டீமையர் இப்படிக் குறுகிப்போன கெளுத்திகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர். குறுகிய மீன் நோயாளி அல்ல. இடமும் தீவனமும் கிடைத்தால் மறுபடி வளரும். ஆனால் தன் குட்டையை வடிகட்டி மீன்களைப் பிரித்துவிட எத்தனை விவசாயிகளுக்குப் பொறுமை இருக்கும்?

ஆகவே மாநில மீன்வளத் துறைகளின் அறிவுரை மெல்லத் திசை மாறியது. பாஸ், புளூகில் உள்ள குட்டையில் ஏக்கருக்கு ஐம்பது முதல் நூறு கெளுத்தி. பாஸின் வாய்க்குள் நுழையாதபடி எட்டு அங்குலத்துக்குக் குறையாத குஞ்சு. பிடித்த எண்ணிக்கைக்கு ஈடாகச் சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி விலைக்கு வாங்கி விடுவது. பொந்து வைக்க வேண்டாம். பெருக வைக்கத் தெரிந்த பிறகு, பெருகாததையே ஒரு நற்குணமாக எண்ணத் தொடங்கினார்கள்.

இந்தப் பிரிவினை வணிக அளவில் முழுமையானது. 1958-ல் இயற்றப்பட்ட நெல்–மீன் சுழற்சிச் சட்டத்தின் வழியே ஆர்கன்சாஸின் ஸ்டட்கார்ட்டில் மீன் பண்ணைச் சோதனை நிலையம் வந்தது. 1960-களில் அலபாமாவின் கிரீன்ஸ்பரோ, பின்பு மிசிசிப்பி டெல்டா என்று பண்ணைகள் எழுந்தன. முட்டையிடும் குட்டை வேறு, குஞ்சுக் குட்டை வேறு, வளர்க்கும் குட்டை வேறு. 1976-ல் டெல்டாவின் பெல்சோனி ஊர் உலகக் கெளுத்தித் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொண்டது. 2003-ல் ஆலைகளுக்குச் சென்ற மீன் 66 கோடி பவுண்டை எட்டியது. அதன்பின் தீவன விலையும் வியட்நாமின் பங்காசியஸ் கெளுத்தி இறக்குமதியும் பண்ணைகளைச் சுருக்கின.

சுருங்கிய தொழில் இப்போது கலப்பினத்தை நம்பியிருக்கிறது: பெண் சேனல் கெளுத்தி, ஆண் நீலக் கெளுத்தி. இந்தக் குஞ்சு வேகமாக வளரும், நோய்க்குச் சற்று ஈடுகொடுக்கும். ஆனால் இவ்விரு இனங்களும் குட்டையில் தாமாகக் கூடுவது அரிது; பால் கேன் இங்கே உதவாது. ஊசி போட்ட பெண் மீனின் வயிற்றைப் பொரிப்பக ஊழியர் கையால் அழுத்தி முட்டையைச் சட்டியில் பிழிகிறார். பக்கத்து மேசையில் ஆண் மீனைக் கொன்று, விந்தகத்தை அறுத்து, வலையில் நசுக்கிச் சாறெடுக்கிறார்கள்.