டெலிஃபோட்டோ லென்ஸ்: ஒரு பற்று வரவுக் கணக்கு

டெய்ரி ஃபார்முக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழுத்தில் கேமராவோடு கிளம்பும் என்னைப் பார்த்துப் பழகிவிட்ட பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரம் கேட்டார். "அண்ணே, பசங்க ஃபுட்பால் ஆடறதை எடுக்கணும். லட்சக்கணக்குல செலவு பண்ண முடியாது. எந்த லென்ஸ் வாங்கலாம்?"

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் எதையும் நூறு வருஷம் பின்னாடி போய் ஆரம்பித்தால்தான் திருப்தி :-) ஆனால் இதில் நியாயமும் உண்டு. தூரத்து லென்ஸுக்கு ஏன் இந்த விலை என்று தெரிந்தால்தான் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்று தெரியும்.

கிரிக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விக்டர் ட்ரம்பர் கிரீஸை விட்டு இறங்கி மட்டையை ஓங்கியபடி ஒரு காலைத் தூக்கி எட்டு வைக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் ஜார்ஜ் பெல்டாம். இவரும் ஒரு கிரிக்கெட் வீரர்தான். 1905-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது. நிஜ ஆட்டத்தில் எடுத்தது இல்லை. கேமராவை ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து, ட்ரம்பரைப் படத்துக்காக ஆடச் சொல்லி எடுத்தது. எல்லைக்கோட்டிலிருந்து ஆட்டத்தின் நடுவே அப்படி எடுக்க அன்றைக்கு அவரிடம் வழி இல்லை.

டெலிஃபோட்டோ என்ற தத்துவம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1891-ல் இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே என்று பலர் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி, பின்னால் விரிக்கும் கண்ணாடி. இரண்டும் சேர்ந்தால் நீளமான லென்ஸின் வேலையைக் குட்டையான குழாயிலேயே முடித்துவிடலாம். அளவு குறைந்ததே தவிர வெளிச்சப் பிரச்சினை தீரவில்லை.

பிறகு பத்திரிகைகள் வாங்கி வைத்தவைதான் 'லாங் டாம்' என்று பட்டப்பெயர் பெற்ற ராட்சதக் கேமராக்கள். பீரங்கிக்கு இருந்த பெயர் அது. பார்த்தாலும் பீரங்கி மாதிரிதான் இருக்கும். வாலி ஹாமண்ட் கவர் டிரைவ் ஆடும் புகழ்பெற்ற படத்தை சிட்னியில் 1928-ல் ஹெர்பர்ட் ஃபிஷ்விக் எடுத்தது இந்த மாதிரி நீள லென்ஸால்தான். ஒரு இடத்தில் நிறுத்தினால் நகர்த்த முடியாது. ஒரு படத்துக்கு ஒரு பிளேட். 1960-ல் பிரிஸ்பேன் டெஸ்ட் 'டை' ஆனபோது 'தி ஏஜ்' பத்திரிகையின் ரான் லோவிட் கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிளேட். கடைசி ரன் அவுட் வரை அதை வீணாக்காமல் காத்திருந்து எடுத்தார். இன்றைக்கு ஒரு ஓவருக்கு நூறு கிளிக் அடிக்கும் நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

இதற்கு நடுவில் சிறிய 35 மி.மீ. ஃபிலிம் வந்து விளையாட்டுப் படத்தை மாற்றிவிட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸை ஒட்டி ஜெய்ஸ் நிறுவனம் கான்டாக்ஸ் கேமராவுக்காக 180 மி.மீ. எஃப் 2.8 சோனார் லென்ஸைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் லுட்விக் பெர்ட்டலே. 'ஒலிம்பியா சோனார்' என்றே பெயர் நின்றுவிட்டது. 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு நிக்கான் 300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து '300 எஃப் 2.8' என்பது விளையாட்டுப் புகைப்படக்காரரின் அடையாள அட்டை மாதிரி ஆகிவிட்டது.

இப்போது விலைக் கணக்கு. 300-ஐ 2.8-ஆல் வகுத்தால் 107. அதாவது வெளிச்சம் நுழையும் வாய் சுமார் 107 மி.மீ. அகலம் வேண்டும். அதே 300 மி.மீ. எஃப் 5.6 என்றால் 54 மி.மீ. போதும். வாய் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு, உள்ளே வரும் வெளிச்சமும் நான்கு மடங்கு. அவ்வளவு பெரிய கண்ணாடியைக் குறையில்லாமல் வார்த்து, தேய்த்து, நிறம் பிரியாமல் இருக்க ஃப்ளோரைட் போன்ற விசேஷப் பொருளையும் சேர்க்கும்போது விலை நாலு மடங்கோடு நிற்பதில்லை. தூரத்தை இழுக்கும் கண்ணாடி ஒன்றும் அவ்வளவு விலை இல்லை. தூரத்தோடு சேர்த்து வெளிச்சத்தையும் கேட்கும்போதுதான் பில் எகிறுகிறது.

அப்படியானால் பணம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு வழி, கண்ணாடி வில்லைக்குப் பதில் ஆடி. 1941-ல் சோவியத் விஞ்ஞானி மக்சுதோவ் தொலைநோக்கிக்காகக் கண்டுபிடித்த அமைப்பை வைத்து எம்டிஓ என்ற மிரர் லென்ஸ்கள் வந்தன. 1958-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பரிசும் வாங்கின. 500 மி.மீ. லென்ஸ் கையடக்கமாக, மலிவாகக் கிடைத்தது. ஆனால் எஃப் 8-தான், அதை மாற்றவும் முடியாது. ஃபோகஸும் கையால்தான் திருப்ப வேண்டும். பின்னணியில் வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு விழும்.

வங்கிக்காரனுக்கு இதெல்லாம் இரட்டைப் பதிவுக் கணக்காகத்தான் தெரிகிறது. மலிவு லென்ஸ் என்று ஒன்று கிடையாது. விலையின் மீதியை வேறொரு கணக்கில் பற்று எழுதியிருப்பார்கள். பெல்டாம் நிஜ ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். லாங் டாம்காரர்கள் நடமாட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். மிரர் லென்ஸ்காரர்கள் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் இருந்த காலத்தில் பர்மா பஜார் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இருந்தும் 22 செப்டம்பர் 1986 அன்று சேப்பாக்கத்தில் கிரெக் மேத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி டெஸ்ட் 'டை' ஆன நொடி படமாகப் பதிந்தது. எடுத்தவர் மாலா முகர்ஜி. லென்ஸ் மட்டும் போதாது, அந்த நொடியில் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் இருக்கவும் வேண்டும்.

கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பியது டிஜிட்டலில்தான். ஃபிலிம் காலத்தில் விளையாட்டுக்கு 400 ஐஎஸ்ஓ சாதாரணம். 2007-ல் வந்த நிக்கான் டி3 கேமரா 6400 வரை தாங்கியது. பதினாறு மடங்கு. எஃப் 2.8-லிருந்து எஃப் 11-க்கு இறங்கினால் வெளிச்சம் குறைவதும் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் டேலி! 2020-ல் கேனான் 600, 800 மி.மீ. லென்ஸ்களை எஃப் 11-லேயே விற்பனைக்கு விட்டது இந்தத் தைரியத்தில்தான். அதற்கு முன்பே டாம்ரான் 150-600 (2013 கடைசி), நிக்கான் 200-500 (2015) எல்லாம் வந்து நடுத்தரக் குடும்பத்துக்கும் நீள லென்ஸைக் கொண்டுவந்துவிட்டன. கண்ணாடியில் கட்டவேண்டிய பணத்தில் பாதியை சென்சார் கட்டிவிட்டது.

சரி, நம் தீவுக்கு வருவோம். சைக்கிள் பந்தயத்தில் அந்தமான் நிக்கோபார் பிள்ளைகள் பெரிய ஆட்கள். 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஐகில் நகரில் நடந்த உலக ஜூனியர் டிராக் போட்டியில், கெய்ரின் பந்தயத்தில் எசோ ஆல்பன் வெள்ளி வாங்கினார். தங்கம் போனது 0.017 விநாடியில். கேமரா கணக்கில் அது அறுபதில் ஒரு விநாடி. ஷட்டரை 1/60-ல் வைத்துக்கொண்டு நின்றால், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க ஒரே கிளிக்குக்குள் கரைந்துபோகும். அதனால்தான் 1/1000 வேண்டும், அதனால்தான் வெளிச்சம் வேண்டும்.

இங்கே வெளிச்சம்தான் பெரிய தட்டுப்பாடு. இந்திய நேரத்தையே வைத்துக்கொண்டு இவ்வளவு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். வங்கியில் கணக்கை முடித்துவிட்டு நேதாஜி ஸ்டேடியம் போனால் இருட்டுதான் மிச்சம். ஆனால் காலை ஆறு மணிக்கே நல்ல வெயில். தம்பிக்கு என் முதல் யோசனை லென்ஸ் இல்லை, காலை ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பது. செலவே இல்லாமல் இரண்டு ஸ்டாப் லாபம்.

அடுத்தது லென்ஸ். சின்ன சென்சார் கேமராவில் 55-250 மாதிரி சாதாரண ஜூம் போட்டால், சுமார் 25 மீட்டரில் ஓடும் பையன் செங்குத்து ஃபிரேமில் நிறைந்து நிற்பான். அதற்கு மேல் தூரத்தில் இருப்பவனை விட்டுவிடுங்கள், நம் பக்கம் வருவான். கோல் போஸ்ட்டுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பாதி ஆட்டம் அந்த 25 மீட்டருக்குள்தான். கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், செகண்ட் ஹேண்டில் கேனான் 70-200 எஃப் 4 (1999-ல் வந்தது) மாதிரி ஒன்று. ஃபோகஸ் வேகம் அதில் தெரியும். பேட்மின்டன், குத்துச்சண்டை என்று உள்ளரங்கம் என்றால் ஜூமையே மறந்துவிட்டு 85 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். தூரத்துக்குப் பதில் காலால் நடக்கலாம். இருட்டுக்குப் பதில் எதுவும் செய்ய முடியாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு மூடிய பீரோ எமன்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம்) மைதானத்தில் நடக்கும் பள்ளி ஆட்டத்துக்கு 300 எஃப் 2.8 தூக்கிக்கொண்டு எந்தப் பத்திரிகையும் கடல் தாண்டி வராது. உலக மேடை ஏறிய பிறகு எடுக்க நூறு பேர் வருவார்கள். அதற்கு முந்தைய வருஷங்களின் படம் அந்தப் பிள்ளையின் வீட்டில் இருக்கவேண்டும் என்றால், 55-250-ஓடு காலை ஆறு மணிக்கு வரும் யாராவது ஒருவர்தான் எடுக்கவேண்டும். ஆகவே தம்பி, பெரிய லென்ஸுக்குக் காசு சேரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்குள் பசங்க வளர்ந்துவிடுவார்கள்.

லென்ஸ் பூஞ்சையைப் பற்றி அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன். இங்கே அதற்கும் பெரிய சரித்திரம் இருக்கிறது :-)