முகவரி இல்லாத கடை

கிள்ளான் பள்ளத்தாக்கின் கைவினை வரலாற்றை எழுதப் புகுந்தால், கட்டடமே இல்லாத ஓர் அமைப்பையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2004-இல் தொடங்கிய கெராய் ஓ.ஏ. அது. ரெய்தா ரஹிம் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்திய இந்தக் கடை, பூர்வகுடி மக்கள் செய்த பொருள்களைப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விரிக்கும். இந்த வாரம் எங்கே என்று விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். விற்ற பணம் முழுவதும் செய்தவருக்கே. பொருளோடு செய்தவர் பெயரும் இருக்கும். அதைப் படித்த பிறகு பேரம் பேச நாக்கு கூசும்.

அந்தப் பெயர்களில் சில கேரித் தீவிலிருந்து வந்தவை. கிள்ளான் தமிழருக்குக் கேரித் தீவு என்றால் தோட்டமும் தமிழ்ப்பள்ளியும்தான். எட்வர்ட் வேலன்டைன் கேரி ரப்பர் நட்டதால் வந்த பெயர் அது. அவருக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் மா மெரி மக்கள், தீபகற்ப மலேசியாவின் 18 பூர்வகுடிப் பிரிவுகளில் ஒரு பிரிவினர். ரோலண்ட் வெர்னர் என்ற ஜெர்மானியர் 1970களிலேயே இவர்களுடைய கலையைப் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். பக்கத்திலேயே பால் மரம் வெட்டிய நாம் எட்டிப் பார்த்தது குறைவு என்றே சொல்வேன்.

அந்தத் தீவின் சுங்கை பும்புன் கிராமத்து மா மெரிப் பெண்களின் பின்னல் குழுவுக்குத் தொம்போக் தொப்போ என்று பெயர். தாழை ஓலையின் முள்ளைச் சீவி, ஒரே அகலத்தில் கிழித்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, சாயம் ஏற்றிய பிறகுதான் பின்னலே தொடங்கும். பாய்கள் மட்டுமல்ல, ‘புஜாம்’ என்ற சிறு பையும் உண்டு. வெற்றிலையும் புகையிலையும் வைக்கும் பை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் உறவுக்காரி.

மா மெரி மக்கள் முன்னோரை வணங்கும் ஹாரி மோயாங் திருநாள் பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வரும். முன்னோர் கனவில் வந்து நாள் சொல்வதாக நம்பிக்கை. ஆகவே தேதியையும் கேட்டுத்தான் போக வேண்டும். அன்று நிப்பா குருத்தோலையை மடித்துப் பறவையும் பூவும் செய்து தொங்கவிடுவார்கள். கோயிலில் தோரணம் கட்டிப் பழகிய கைக்கு அந்த மடிப்பு உடனே பிடிபடும்.

ஆண்கள் செதுக்கும் சிற்பங்களுக்கு யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் கிடைத்திருக்கிறது. அதற்கான செந்நிற மரம் ஞிரே பத்து, அலையாத்திக் காட்டில் வளர்வது. சேற்றில் இறங்கித் தேடியெடுக்க வேண்டிய அந்த மரம் இப்போது அரிதாகி வருகிறது. சிற்பத்தின் விலையில் அந்தத் தேடலின் கூலியும் அடக்கம்.